கிளியனூரில் திறந்த ஐஸ் பெட்டி

பத்தாவதோடு நின்றவன் கொழுப்பு ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவதைப் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பெட்டி தூக்கியவன். எனக்குத் தெரிந்தது அந்தப் பெட்டிதான்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் லேப் வேலைக்குச் சேர்ந்தபோது, கொழுப்பு என்றால் ரிப்போர்ட்டில் நாலு வரி. பதினைந்து வருஷத்துக்குள், ரத்தத்தின் செல்லில் உள்ள கொழுப்பை நூற்றுக்கணக்கான வகையாகப் பிரித்துச் சொல்லும் மெஷின் வந்துவிட்டது. அதற்காக ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்தோம். வழியில் சூடு பட்டால் கொழுப்பு மாறிவிடும், மெஷின் தப்பாகச் சொல்லும். அதனால் திண்டிவனம் லேப் சேரும்வரை ஐஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது. டியூபில் பெயர் கிடையாது, நம்பர்தான். பெயர் எழுதிய பேப்பர் கூட வந்து ரத்தம் எடுக்கும் நர்ஸம்மாவிடம் இருக்கும்.

ஒருநாள் கிளியனூரில் நாற்பது பேர் ரத்தம் கொடுத்தார்கள். நர்ஸம்மா முன்னாலேயே போய்விட்டார். நான் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன்.

“இன்னாண்ணே, குச்சி ஐஸ் இருக்குதா?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது ஒருவன் வேகமாக வந்தான். பின்னாலேயே அவன் மனைவி. காலையில் ரத்தம் கொடுத்தவள்.

“என்னக் கேக்காம எம் பொண்டாட்டி ரத்தத்த எடுத்துக்கினு போறியா? திருப்பிக் குடுடா.”

“நம்பர்தாங்க இருக்குது. எதுன்னு எனக்குத் தெரியாதுங்க.”

அறைந்தான். உதடு கிழிந்தது. பெட்டியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். விலாவில் உதைத்தான், மறுபடி உதைத்தான். மூச்சு வரவில்லை. டீக்கடையில் யாரும் எழுந்திருக்கவில்லை.

“அவர உட்டுடுய்யா! எங்கப்பனும் அண்ணனும் நாப்பது வயசுக்குள்ள நெஞ்ச புடிச்சிக்கினு செத்தாங்க. எனக்கும் இருக்குதான்னு பாத்துச் சொல்றேன்னாங்க. நானாத்தான் குடுத்தேன்.”

அவள் முடியைப் பிடித்து, முகத்தை பஸ் ஸ்டாப் இரும்புக் கம்பத்தில் மோதினான். இரண்டாவது தடவை அவளிடமிருந்து சத்தமே வரவில்லை.

பெட்டியைத் திறந்தேன். கைக்கு வந்த டியூபை எடுத்து, “இதுதாங்க” என்று பொய் சொன்னேன். அதைச் செருப்பால் நசுக்கினான். பெட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போனான். ஐஸ் தார் ரோட்டில் சிதறி உருகியது. நெற்றியில் ரத்தம் வழிய அவளும் குனிந்து டியூப்களைப் பொறுக்கினாள்.

“இதுல என்னுது இருக்குதாங்க?”

“இருக்குதும்மா.”

மறுநாள் திண்டிவனத்தில் ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மா பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, சூடு பட்ட முப்பத்தொன்பது டியூபையும் கழிவு வாளியில் போடச் சொன்னார். போட்டேன்.