இடமில்லாத கார்

இன்று காரை மாற்றிவிட்டேன். போன வருடம்தானே வாங்கினாய் என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பங்காருபேட்டை ஷோரூமில் பழைய வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், "இன்னா மேடம் ப்ராப்ளம்? புதுசா கீதே" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. நல்ல வண்டி."

உண்மைதான். ஏழு பேர் உட்காரலாம். அதனாலேயே எங்கள் சுரங்க லைன் வீடுகளில் யாருக்கு வேலூர் ஆஸ்பத்திரி என்றாலும், யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அதுதான் போகும். ஓட்டுவது நான். தனியாக அதில் ஒரு நாளும் போனதில்லை.

புதியது கருநீலம். தாழ்வான இரண்டே சீட். பின்னால் ஒரு பையும் குடையும் வைக்கலாம்.

திரும்பி வரும்போது கண்ணாடியை இறக்கினேன். மழைக்கு முந்தைய காற்று. தங்கச் சுரங்கம் கொட்டிய சயனைட் மண்மேடுகள் மாலை வெயிலில் மெல்ல நகர்ந்தன. வீட்டுக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி, காரணமே இல்லாமல் ஆண்டர்சன்பேட்டை வரை போனேன். எங்கே என்று கேட்க யாருமில்லை.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, நாங்கல்லாம் எங்க குந்தறது?"

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

"இடம் இல்லக்கா."

 அக்கா முன்கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"சரி, நம்ம ரெண்டு பேரு மட்டும் போலாம். வுடு."

"எங்கக்கா?"

"எங்கியோ."

ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டியும் போனோம். அக்கா வெளியே கையை நீட்டிக் காற்றைத் தொட்டபடியே வந்தார்.

ஒரே ஒரு சீட் வைத்த கார் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அக்காவுக்கும் ஒன்று வேண்டுமாம்.