மூச்சை இழுத்தால் மடங்கும் கை

வீரமணிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நைனார்பாளையத்தில் அவருக்குச் சொந்த நிலம் இல்லை. ஊரில் யார் டிராக்டர் வாங்கினாலும் உழவு ஓட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளிமலையில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. சாப்பிட்டுவிட்டு பைக்கில் தனியாக மலையிறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் சக்கரம் சறுக்கி, வலது தோள் தடுப்புச் சுவரில் மோதியது. தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமுமாக இழுபட்டன. ஹெல்மெட் இருந்ததால் மண்டை தப்பியது.

எழுந்து பைக்கை நிமிர்த்தப் போனார். இடது கை மட்டும்தான் பைக்கை நோக்கி நீண்டது. வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டவர், எலும்பு கூடினால் கையும் வந்துவிடும் என்றார். ஒன்றரை மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. கை வரவில்லை. கிள்ளினாலும் உணராத அந்தக் கை நாள் முழுக்க எரிந்தது. உள்ளே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

"மனசு வெச்சா தூக்கலாம்டா," என்றார் அம்மா குஞ்சம்மாள். "நீ பயந்துகினு கெடக்கற."

மனைவி விஜயலட்சுமிதான் குளிப்பாட்டினாள், சட்டை மாட்டினாள், சோறு பிசைந்து தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் களையெடுக்கப் போவாள். அவள் கிளம்பியதும் அந்த ஒற்றை அறையும் அவரும்தான். ஒருநாள் புழுக்கம் தாங்காமல் பனியனைத் தானே கழற்றப் பார்த்தார். இடது கையால் மேலே இழுத்தபோது வலது கை உள்ளேயே மடிந்து மாட்டிக்கொண்டது. பனியன் முகத்தை மூடிவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூப்பிட்டால் பக்கத்து வீட்டில் யாராவது வந்திருப்பார்கள். அவர் கூப்பிடவில்லை. துணிக்குள் மூச்சு விட்டபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் விஜயலட்சுமி வந்து பார்த்தபோது பனியன் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அது வியர்வை மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கத்தரிக்கோலால் பனியனை வெட்டி எடுத்தாள்.

"நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் இளஞ்செழியன் ஸ்கேனைப் பார்ப்பதற்குள் வீரமணி முந்திக்கொண்டார்.

"சார், இத்த வெட்டி எடுத்துடுங்க. எரிச்சல் தாங்கல."

"எடுத்தாலும் எரியும்," என்ற டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எரியறது கையில இல்ல. கழுத்துத் தண்டுவடத்துல இருந்து அஞ்சு நரம்பு வேர் கிளம்புது. காறை எலும்புக்குப் பின்னாடி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பிரிஞ்சுதான் கைக்கு வருது. உங்களுக்கு நாலு வேரோட பிச்சுகிச்சு, ஒண்ணு நைஞ்சு போயிருக்கு. அந்தப் பிஞ்ச எடம்தான் எரியுது."

"ஒட்ட வெக்க முடியாதுங்களா?"

"அதை முடியாது. ஆனா விலா எலும்புக்கு நடுவுல மூச்சுக்கு உதவற நரம்பு இருக்கு. அதுல மூணை எடுத்து முழங்கைய மடக்கற தசைக்குத் திருப்பிவிடலாம். விரல் வராது. இப்பவே சொல்லிடறேன். அஞ்சு மாசம் ஆயிடுச்சு, இன்னும் தள்ளினா தசை செத்துடும்."

அறுவை முடிந்து ஊர் திரும்பினார். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளருமாம். கள்ளக்குறிச்சியில் பிசியோதெரபி பார்த்த தேவதர்ஷினி, வாரம் இரண்டு நாள் அவரை மேஜைமுன் உட்கார வைப்பாள்.

"அண்ணா, கைய மடக்கணும்னு நெனைக்காதீங்க. மூச்ச நல்லா இழுங்க, அது போதும்."

இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான்கு மாதம், ஆறு மாதம், எட்டு மாதம். மேல்கை மெலிந்து குச்சியாகிவிட்டது. பஸ் ஏறுவதையே நிறுத்திவிடலாம் என்று விஜயலட்சுமியிடம் இருமுறை சண்டை போட்டார். அவள் ஒவ்வொரு முறையும் சட்டையை மாட்டி அனுப்பிவைத்தாள்.

பத்தாவது மாதம் ஒரு காலை. அவள் குழம்புக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி ஏறி வீரமணிக்கு இருமல் வந்தது. மடியில் கிடந்த கையில், முழங்கைக்கு மேலே, தோலுக்கடியில், என்னவோ துள்ளியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மறுபடி இருமினார். மறுபடி துள்ளியது.

"இன்னாங்க, கதவத் தெறக்கட்டா?"

"வேணாம். இன்னும் ரெண்டு மொளகா போடு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தபடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளும் அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்தாள்.

அது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வீரமணியால் முழங்கையை மார்பு வரை மடக்க முடிகிறது. முதலில் மூச்சை இழுத்தால்தான் மடங்கியது. பழகப் பழக, பேசிக்கொண்டேயும் வருகிறது. தும்மினால் மட்டும் அதுவாக எகிறும். விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன, தோள் உயரவில்லை. எரிச்சல் குறைந்திருக்கிறது, மழைக்காலத்தில் மறுபடி ஏறுகிறது. டிராக்டரை விட்டுவிட்டார். ஒரு கரும்பு நாற்றுப் பண்ணையில் இடது கையால் தண்ணீர் விடுகிறார். வலது முழங்கை மடிப்பில் ஒரு கூடை மாட்டியிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை இறக்கிவைத்து, கைக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொள்வார்.