ரிலேயைத் தூக்க மறுத்தவர்

நெய்வேலியில் நான் வேலை பார்க்கும் சுவிட்ச்யார்டில், புது டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொடுத்தபோதெல்லாம் பாதுகாப்பு ரிலே அதைத் துண்டித்துவிட்டது. டிரான்ஸ்பார்மரில் பழுது எதுவும் இல்லை. சோதிக்க வந்த பெண் பொறியாளர் ஒல்லியானவர். தலைக்கவசத்துக்குக் கீழே நரைத்த பின்னல். பேனலைத் தொடுமுன் வளையல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்.

"ரிலேவ தூக்கிட்டு சார்ஜ் பண்ணிடலாம்மா, எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க," என்றார் எங்கள் ஷிப்ட் அதிகாரி.

"முடியாது சார். சுவிட்ச் போட்டதும் கொஞ்ச நேரம் கரண்ட் அதிகமா இழுக்கும். அத ரிலே ஃபால்ட்டுன்னு நெனச்சிக்குது. செட்டிங்க மாத்துறேன். நெஜமாவே ஃபால்ட் வந்து, அப்ப ரிலே இல்லன்னா டிரான்ஸ்பார்மரே எரிஞ்சிடும். பக்கத்துல நம்ம ஆளுங்கதான நிப்பாங்க?"

மாற்றினார். "தைரியமா போடுங்க," என்றார் என்னிடம். நான் சுவிட்சைப் போட்டேன். டிரான்ஸ்பார்மர் உறுமியது, ரிலே துண்டிக்கவில்லை. அதிகாரிதான் முதலில் கைதட்டினார்.

அந்தப் பொறியாளர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அந்த டிரான்ஸ்பார்மரைக் காட்டி, "இதுக்கு சுவிட்ச் போட்டது நான்தான். தைரியமா போடுங்கன்னு சொன்னது ஒரு அம்மா," என்பேன்.