அரை மணித்தியாலம் முந்திய மணிக்கூடு

ஒரு பழைய இயந்திரத்தையும் பத்துத் தகரத்தையும் வைத்து ஐஸ் ஆலை தொடங்கியவன் நான். கடல் ஏறி வந்து அதைச் சுருட்டிக்கொண்டு போனபின் அதே மண்ணில் மறுபடி கட்டியவனும் நான்தான். வங்கியில் கதிரைகூடக் காட்டாமல் நிற்கவைத்துக் கதைத்த காலத்தில் மூன்று படகுகளுக்கு எஞ்சின் பூட்டினேன். எங்கள் துறைமுகப் பக்கம் முதலில் ஓடிய குளிர் லொறி என்னுடையது. படித்தது ஐந்தாம் வகுப்பு. இதைச் சொல்லாமல் விட்டால், இனிச் சொல்லும் கதையில் என்னை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் கையொப்பம் இரண்டே எழுத்து. பெட்டியோடு போகும் விவரத் துண்டில் எவனோ அதைப் போலவே போட்டு, செவுள் கறுத்த சூரை மீனை என் மீன் என்று கொழும்புக்கு அனுப்பிவிட்டான். வாங்குபவர் தொலைபேசியில், இனி மின்-கையொப்பம் வைத்த துண்டு வந்தால்தான் பெட்டியை இறக்குவோம் என்றார். இத்தனை வருடம் கட்டிய பெயர் அழுகிய மீனில் ஒட்டிக் கிடந்தது. இப்போது நினைத்தாலும் காறித் துப்பவே வருகிறது.

தங்கையின் மகன் பொறியியலாளன். பாலையூற்றிலிருந்து லெப்டொப்போடு வந்து ஆலைக் கந்தோரில், என் மேசைக் கதிரையில் இருந்தான். அந்தக் கையொப்பத்தை வைக்கவும் சரிபார்க்கவும் ஒரு நிரல் தொகுதி இருக்கிறதாம். உலகத்தில் பலர் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாக விட்டது. மூல நிரலை இறக்கி, கணினியில் ஓடுகிற வடிவுக்கு நாமே கட்டியெடுக்க வேண்டும். அதை என் கந்தோர்க் கணினியில் இறக்கி வைத்துவிட்டு, வயர் கொழுவி, தன் லெப்டொப்பிலிருந்து கட்டத் தொடங்கினான்.

"இதைக் கட்ட முன்னம் வேறொண்டு போட வேணும் மாமா."

"அதைப் போட?"

"அதுக்கும் இன்னொண்டு வேணும்."

"சீமெந்து மூட்டையப் பிரிக்க இன்னொரு மூட்டை கேட்டிருந்தா நான் இஞ்ச ஒரு சுவரும் எழுப்பியிருக்க மாட்டன்."

மூன்று நாள். கட்டுமானம் பாதி போகும், பிறகு தொடக்கத்துக்கே திரும்பும். நாய் வாலைத் துரத்துகிற மாதிரி. அவன் நிரலை எழுதியவர்களைத் திட்டினான். என் தேத்தண்ணியைக் குடித்தான். திரையில் என்ன கிடக்கிறது என்று கேட்டேன்.

"உங்களுக்கு விளங்காது மாமா."

"விளங்காட்டியும் வாசி."

அலுத்துக்கொண்டு தமிழில் சொன்னான்: கோப்புகளின் நேரம் இன்னும் வராத நேரமாக இருக்கிறதாம்.

நான் சுவரைப் பார்த்தேன். படகுக்காரரும் லொறிக்காரரும் பிந்தாமல் வருவதற்காக என் ஆலையில் எல்லா மணிக்கூடும் அரை மணித்தியாலம் முந்தித்தான் ஓடும். அது நான் வைத்த சட்டம்.

"இஞ்ச நேரம் முந்தித்தான் ஓடும், தெரியாதோ?"

"கொம்பியூட்டர்லயுமோ?"

"ஓம். அதென்ன, ஆலைக்கு வெளியிலயா நிக்குது?"

"இதை ஏன் முதலே சொல்லேல்ல?"

"நீ எங்கயடா கேட்டனீ?"

எது முடிந்தது, எதை மறுபடி செய்வது என்று கட்டுமானம் கோப்புகளின் நேரத்தை வைத்தே பார்க்குமாம். என் கணினியில் இருந்த கோப்புகள் அவன் லெப்டொப்பை விட அரை மணித்தியாலம் முன்னுக்கு நின்றதால், முடிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்திருக்கிறது. நேரத்தைத் திருத்தி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி இறக்கினான். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் கட்டி முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை என் பெட்டிகள் கேள்வியில்லாமல் கொழும்பில் இறங்கின.

பிறகுதான் அருவருப்பு. மற்றவர்களுக்கு உதவட்டும் என்று அந்த நிரல் தொகுதியின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டிருந்தான்: அலுவலகக் கணினியின் நேரம் பிழை, ஆராய்ந்து கண்டறிந்தேன். ஆராய்ந்தானாம்! அதற்காக அங்கே நன்றிப் பட்டியலில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் அவன் பெயர்.

"என்ர பேர் எங்க?"

"மாமா, நேரத்தைப் பிழையா வைச்சதே நீங்கதானே!"

சிரிக்கவும் செய்தான். வைத்தவன் நான் என்பதால்தானே கண்டுபிடித்தவனும் நான்! மூன்று நாள் திரையை முறைத்தவனுக்குத் தெரியாதது சுவரைப் பார்த்த எனக்குத் தெரிந்தது.

நான் தொடாத மீனில் என் பெயரை எவனோ எழுதினான். நான் செய்த வேலையில் அதை எழுத என் மருமகனுக்குக் கை வரவில்லை. அந்தப் பட்டியலில் என் பெயர் ஏற வேண்டும். தகப்பன் பெயரோடு, முழுதாக, மணிக்கூட்டைக் கண்டறிந்தவர் என்று. ஏறும்வரை அவன் என் கதிரையில் இருக்க ஏலாது.