சுரங்க ரயிலை நிறுத்திய ட்ரில்லர்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, சோளக்காடு முடியும் இடத்தில் தனசேகரின் வீடு இருக்கிறது. ஆனால் வருசத்தில் பத்து மாதம் அவன் அந்த வீட்டில் இருப்பதில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ட்ரில்லர் வேலை. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், தெலங்கானா என்று வண்டி எங்கே போகிறதோ அங்கே அவனும் போவான். பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரிவிட்ட வருசம் ராடு தூக்கும் ஆளாக ஏறியவன், இருபத்து நான்கு வருசத்தில் மெசினை ஓட்டும் மேடைக்கு வந்துவிட்டான். இந்தி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தெலுங்கில் சண்டை போடத் தெரியும், சமாதானம் பேசத்தான் வராது.

அவனுடைய பெரிய சொத்து காது. அறுநூறு அடிக்குக் கீழே எந்த மாதிரிப் பாறை இடிபடுகிறது என்பதை மேலே நின்றபடி சத்தத்திலேயே சொல்லிவிடுவான். முதலாளிகூட மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இவன் முகத்தைத்தான் பார்ப்பார். இந்தப் பெருமையை அவன் ஒளித்து வைப்பதும் கிடையாது. டீக்கடையில் பக்கத்து பெஞ்சுக்காரர் கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

போன டிசம்பரில் ரிக் வண்டி தகுதிச் சான்று வாங்கும் எஃப்.சி. வேலைக்காகத் திருச்செங்கோடு பட்டறைக்கு வந்தது. பெயின்ட், டிங்கரிங் எல்லாம் முடிய இருபது நாள் ஆகும் என்றார்கள். மகள் இலக்கியாவுக்கு அரையாண்டு லீவும் அதே சமயத்தில் வந்தது. அவனுடைய மனைவி சுகன்யா உட்கார்ந்த இடத்திலேயே செல்போனில் கிறிஸ்துமஸ் பேக்கேஜ் ஒன்றைப் பதிவு செய்தாள். கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு தீம் பார்க். அங்கேயே ரிசார்ட்டில் ஒரு இரவு தங்கலாம்.

இலக்கியா ஒன்பதாம் வகுப்பு, ஒரே மகள். அப்பாவிடம் அவளுக்குக் கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. அதுதான் தனசேகருக்கு வலித்தது. அவன் உள்ளே வந்தால் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நிற்பாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுவாள். அம்மாவின் மடியில் காலைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற பெண், அப்பா பக்கத்தில் வந்தால் காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள்.

"என்ற புள்ள என்னய ஊட்டுக்கு வந்த ஆபீசராட்டப் பாக்குது சுகன்யா" என்றான் கிளம்புவதற்கு முந்தின நாள்.

"பின்ன என்னங்க, ஆபீசராட்டத்தானே எப்பவாச்சும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறீங்க" என்றாள் அவள், துணி மடித்தபடி.

"ரெண்டு நாளு இருக்குதில்ல. அவளாவே வந்து என்ற பக்கத்துல ஒக்காருவா, பாரு." கிணறு போடும் பாயிண்ட்டில் கம்பை ஊன்றி, இத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று சொல்வானே, அதே குரலில் சொன்னான்.

முதல் நாள் முழுக்க அவன் கணக்கு பலிக்கவில்லை. பார்க் வாசலில் பனிக்குப் பதில் பஞ்சு கொட்டிக் கிடந்தது. வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்த கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் ஒரு கையால் தாடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மிட்டாய் கொடுத்தார். போட்டோ எடுக்கும்போது இலக்கியா அம்மாவை நடுவில் நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றாள். அலைக் குளத்தில் அம்மாவோடு. ராட்டினத்தில் அம்மாவோடு. ராத்திரிச் சாப்பாட்டிலும் அம்மாவுக்கு அந்தப் பக்கம். தனசேகர் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, நாளைக்கு ஒரு நாள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் சுகன்யாவுக்குத் தலை சுற்றியது. முந்தின நாள் ராட்டினம் செய்த வேலை. "நா இங்கியே ஒக்காந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று பைகளோடு ஒரு பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இலக்கியா அப்பாவோடு, குகைக்குள் போய்வரும் சுரங்க ரயிலில் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்தான், ஆனால் நடுவில் ஒரு தேங்காயை வைக்கலாம், அவ்வளவு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

மடிக்கு மேலே கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. பட்டன் பக்கத்தில் நின்ற பெண் கையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து எதிரே இருந்த குகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம், அதற்குள் ஒரு கிணுகிணுப்பு. ராடு மரை கழன்று ஆடும்போது வருகிற அதே கிணுகிணுப்பு.

தனசேகர் யோசிக்கவே இல்லை. ரிக்கில் மெசின் ஓடும்போது வாய்ப்பேச்சு எடுபடாது. விரலை மடித்து ஒரு விசில், தலைக்கு மேலே மூடின கை. அதைப் பார்த்தால் ஆப்பரேட்டர் எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். அவன் அதே மாதிரி விரலை மடித்து விசில் அடித்தான். அரை கிலோமீட்டர் தாண்டிக் கேட்டுப் பழகிய விசில். கையை உயர்த்தி, "நிறுத்துங்க, வண்டிய நிறுத்துங்க" என்றான். அந்தப் பெண் பதறிப்போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டாள்.

இருபது பேரையும் இறக்கினார்கள். நீலச் சட்டை போட்ட சூப்பர்வைசர் ஓடிவந்து விசாரித்தார். தனசேகர் விளக்கமாகச் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அது ஸ்பீக்கர் சவுண்டு. பழைய சுரங்கம் மாதிரி இருக்கணும்னு நாங்களே போட்டு வச்சது" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரோ ஒருவர் விசில் அடித்துக் காட்டினார். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று அம்மா இருந்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். இரண்டு நாளில் கிடைத்த ஒரே வாய்ப்பும் மண்ணாய்ப் போனது என்பது தனசேகருக்குப் புரிந்தது. இருந்தாலும் அவன் முகத்தைத் தொங்கப் போடவில்லை.

"ஸ்பீக்கரா இருந்தா சந்தோசமுங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னான். "அந்தச் சத்தம் மறுக்காக் கேட்டாலும் நா நிறுத்தத்தான் சொல்லுவனுங்க." சொல்லிவிட்டு நேரே போய் அதே ரயிலுக்கான வரிசையின் கடைசியில் நின்றான். ஏறிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகிற எண்ணம் அவனுக்கு இல்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். கயிற்றுக்குக் கீழே குனிந்து இலக்கியா வந்து நின்றாள்.

"அம்மா தண்ணி குடுத்துட்டு வரச் சொல்லுச்சுங்கப்பா." பாட்டிலைக் கொடுத்தாள். போகவில்லை. "அத்தன பேரு சிரிச்சாங்களே, உங்களுக்கு ஒரு மாதிரி இல்லீங்களா?"

"இருந்துச்சு சாமி. இல்லீன்னு சொன்னாப் பொய்யி."

"அப்பறம் எதுக்குங்கப்பா மறுக்காவும் நிறுத்துவேன்னு சொன்னீங்க? அங்க வரைக்கும் கேட்டுச்சு."

தனசேகர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். "பொன்னன்னு ஒருத்தரு எங்கூட வேல செஞ்சாரு. ராய்ப்பூருக்கு அக்கட்டால ஒரு பாயிண்ட்டு. ராடு இப்பிடித்தான் கிணுகிணுன்னுச்சு. என்ற காதுல நல்லாவே உழுந்துச்சு. நா அப்பப் புது ஆளு. நிறுத்தச் சொல்லி ஒண்ணுமே இல்லாமப் போனா நாலு பேரு சிரிப்பாங்கன்னு ஒரு நிமிசம் பேசாம இருந்துட்டேன். அந்த ஒரு நிமிசத்துல அவருக்குச் சோத்துக் கை போயிருச்சு."

இலக்கியா அவனுடைய வலது கையைப் பார்த்தாள்.

"உங்கம்மாகிட்டக்கூட இதச் சொன்னதில்ல சாமி. இப்பிடியொரு காது இருந்து என்ன பண்ணறது. அன்னிக்கிருந்து நா சிரிப்புக்குப் பயப்படறதில்ல."

வரிசை நகர்ந்தது. பாட்டில் கொடுக்க வந்தவள் திரும்பிப் போகவில்லை, அவனோடு சேர்ந்து நகர்ந்தாள். இவர்கள் முறை வந்தபோது பட்டன்காரப் பெண் அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். "சார், விசில் மட்டும் வேண்டாம் சார்" என்றாள். இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா உட்கார்ந்ததும் அவள் ஏறி, ஒட்டி உட்கார்ந்தாள்.

ரயில் மெல்ல ஏறிக் குகைக்குள் நுழைந்தது. ஒரே இருட்டு. கிணுகிணுப்பு காதுக்குள்ளேயே கேட்டது. ஸ்பீக்கர் என்று தெரிந்தும் தனசேகரின் கை தானாகத் தலைக்கு மேலே போனது. இலக்கியா எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "அது ஸ்பீக்கருப்பா, ஒண்ணும் ஆகாது, நானிருக்கேன்" என்றாள் அவன் காதோரம். ரயில் பள்ளத்தில் பாய்ந்தது.

வெளிச்சத்துக்கு வந்து வண்டி நின்றபோதும் அவன் கை அவள் பிடியில்தான் இருந்தது. கம்பி தூக்கிக்கொண்டது, எல்லோரும் இறங்கினார்கள். இலக்கியா, அம்மா இருந்த பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னொருக்காப் போலாம்ப்பா" என்று, அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசைக்கு ஓடினாள்.