தனித்தேர்வர் ஆகாமல் தப்பிக்கச் சிதம்பரம் போய் வந்த கதை

சிதம்பரம் என்றால் கோயிலையும் கொத்சையும் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். கொத்சு வரும், கோயில் வராது. போன வருடம், 2009 ஜூலையில், நான் போனது ஒரு ஸ்கூல் சைக்காலஜிஸ்டைப் பார்க்க. எனக்காக இல்லை. (இதைச் சொன்னதும் என் மனைவி, "உங்களையும் அப்படியே காட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.) என் அக்கா மகள் கயல்விழிக்காக.

கயல் அப்போது கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு. வாயைத் திறந்தால் தெருவே அடங்கும், பேனாவைத் திறந்தால் ஒன்றும் வராது. எந்தப் பாடத்திலும் மார்க் இருபதைத் தாண்டாது. தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்குங்கம்மா, தனித்தேர்வரா எழுதட்டும்" என்று சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று போர்டு மாட்டியிருப்பார்களே, அந்த நூறு எப்படி நூறாகவே இருக்கிறது என்று நினைத்தீர்கள்? தேறாது என்று தோன்றும் பிள்ளையை முன்கூட்டியே கழித்துவிடுவார்கள். தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் போவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் கயல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே.

என்னோடு இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் நண்பர் தன் பையனைச் சிதம்பரத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் காட்டியிருந்தார். அங்கே சைக்காலஜிஸ்டாக இருக்கும் அமுதா மேடம் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசிக்கவும் சொல்வதை எழுதவும் ஆள் என்று சலுகைகள் கிடைக்குமாம். அதோடு, டெஸ்டில் வாசிக்கச் சொல்லும் பத்தியின் நகல் ஒன்றையும் எங்கிருந்தோ பிடித்து ரகசியமாக என் சட்டைப் பையில் திணித்தார். கடலூர்க்காரன் கையில் கேள்வித்தாள் கிடைத்தால் சும்மா இருப்பானா?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலூர் பஸ் நிலையத்தில் ஏறினோம். தூரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்குப் பதினைந்து ரூபாய், ஒன்றரை மணி நேரம். அகலப்பாதை வேலை நடந்ததால் அப்போது ரயில் கிடையாது. இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், கடல் காற்று வரும். ரசாயன ஆலைகளைத் தாண்டும்வரை வேறு காற்றும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மச்சான் போன் செய்தார். கயலின் அப்பா, தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கிறார். "மச்சான், அந்தம்மாகிட்ட ஜாஸ்தி பேசாத. எம் பொண்ணப் பேச வுடு."

ஆலப்பாக்கம் வருவதற்குள் அந்தப் பத்தியை அவள் காதில் இரண்டு தடவை வாசித்துவிட்டேன். ஒரு குளத்தில் வாழும் ஆமையைப் பற்றியது. டிரைவர் அடித்த ஹாரனில் பாதி எனக்கே கேட்கவில்லை.

"போதும் மாமா, வந்துடுச்சி" என்றாள்.

"என்னா வந்துடுச்சி, எறங்கவா?"

"பத்தி வந்துடுச்சி."

சிதம்பரத்தில் முதலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். ஆறு இட்லி சாப்பிட்டேன், டெஸ்ட் அவளுக்குத்தானே. பஸ் நிலையத்திலிருந்து தெற்கு வீதிப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு ஆட்டோக்காரர் நாற்பது கேட்டார். "பொண்ணுக்குப் பரீட்சைங்க" என்றேன். "அப்ப இருபது குடுங்க, பாஸாயிட்டா மீதியக் குடுங்க" என்றார்.

அமுதா மேடம் சிறிய உருவம், பெரிய கண்ணாடி. கயலை உள்ளே அழைத்துக்கொண்டு என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. எட்டிப் பார்க்காமல் இருக்க நான் என்ன மகானா? படங்களைக் காட்டினார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், பிறகு ஒரு தாளை நீட்டினார். அதே ஆமை! கயல் அணை திறந்த மாதிரி படித்தாள். நான் கதவு இடுக்கு வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். மேடம் மெதுவாகத் தன் உள்ளங்கையை வைத்துத் தாளை மூடினார். கயல் நிறுத்தவில்லை. மூடிய கையைப் பார்த்தபடியே ஆமையைக் கரையேற்றி முடித்தாள்.

"கட்டைவிரல் சார், உள்ள வாங்க" என்றார் மேடம்.

போனேன்.

"எத்தன தடவ வாசிச்சுக் காட்டுனீங்க?"

"ரெண்டு தடவதான் மேடம். பஸ்ல."

"பஸ்லயா? ரெண்டே தடவையா?" திட்டுவார் என்று பார்த்தால் உற்சாகமாக ஏதோ குறித்துக்கொண்டார். "சார், இவ நல்லாப் படிச்சான்னு நான் எழுதிட்டா ஒரு சலுகையும் கெடைக்காது. நான் மார்க் போட உக்காரல. இவளுக்கு எந்த எடத்துல நின்னுபோவுதுன்னு பாக்க உக்காந்திருக்கேன். நீங்க அந்த எடத்தையே மறைச்சுட்டீங்க."

வேறொரு தாளை எடுத்தார். இதை நான் பார்த்ததில்லை. கயலும் கேட்டதில்லை. முதல் சொல்லிலேயே விரல் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது வரியில் கண் நிறைந்துவிட்டது. "யாராவது வாயால சொன்னா எனக்குப் புரியும் மேடம். எழுத்துதான் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்குது" என்றாள். பத்து வருடமாக அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று கிண்டல் செய்த குடும்பம் எங்களுடையது. அதற்குப் பிறகு எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை.

மதியத்துக்குள் படம் தெளிவாகிவிட்டது. அறிவில் குறையில்லை, கேட்டதைப் பிடிப்பதில் கெட்டிக்காரி, எழுத்தைச் சத்தமாக மாற்றுவதில்தான் சிக்கல். வாரம் ஒருநாள் சிறப்பு ஆசிரியரிடம் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். அறிக்கையை வாங்க நான் கை நீட்டியபோது, "இத உங்ககிட்ட குடுத்தா ஹெச்.எம். மேசை டிராயருக்குப் போகும். நானே வரேன்" என்றார்.

திங்கட்கிழமை நிஜமாகவே பஸ் பிடித்து வந்துவிட்டார். கடலூர் பஸ் நிலையத்திலிருந்து என் டி.வி.எஸ். வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். மேட்டில் மட்டும் அவர் இறங்கி நடந்தார், வண்டியும் நானும் ஒரே வயது.

தலைமையாசிரியர் அறிக்கையைத் தொடவில்லை. "எட்டு வருஷமா நூறு சதவீதம் மேடம். இந்தப் பொண்ணால போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

மேடம் குரலை உயர்த்தவில்லை. "இவ பத்து மார்க் வாங்குன அறிவியல் தாள எடுங்க சார். அதே கேள்விகள நீங்களே வாயால கேளுங்க."

அவர் கேட்டார். கயல் சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது. வரிசையை மாற்றிக் கேட்டார். தாளில் இல்லாததையும் கேட்டார். இதயத்தில் ரத்தம் ஓடும் வழியை அறை அறையாக விரலால் மேசையில் வரைந்து காட்டினாள். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இதெல்லாம் எப்பப் படிச்ச?"

"படிக்கல சார். நீங்க கிளாஸ்ல நடத்துனப்ப கேட்டேன்."

மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "பாத்தீங்களா மேடம் என் டீச்சிங்க!" என்று மேசையைத் தட்டினார். பெயர்ப் பட்டியலில் கயல் சேர்ந்தாள். சலுகை விண்ணப்பத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்குங்கள். பிள்ளையின் பழைய விடைத்தாள்களையும் நோட்டுகளையும் அப்படியே கொண்டுபோங்கள். அறிக்கை மட்டும் போதாது, அரசு மருத்துவக் குழுவின் சான்றும் கேட்பார்கள், அதனால் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கிளம்புங்கள். மாமன்மாரை டீக்கடையிலேயே விட்டுவிடுங்கள்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, அறிவியலில் எண்பத்தொன்று. மாநில முதலிடம் வந்தவர்களுக்கு மட்டும்தான் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? தேவனாம்பட்டினம் போகும் சாலையில் இருபதடி பேனர் வைத்தேன். நடுவில் கயல், ஒரு பக்கம் அமுதா மேடம், மறுபக்கம் கூலிங் கிளாஸ் போட்டு நான். (என் படம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, அச்சகத்துக்காரர் தவறு.) கயலை என் வண்டியில் கூட்டிப்போனேன், மச்சானும் அங்கே வந்துவிட்டார். அவள் இறங்கி, சாலையின் ஓரத்தில் நின்று, விரலை ஆகாயத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படிக்க ஆரம்பித்தாள். மச்சான் உதவிக்கு வாயைத் திறந்தார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"இரு அண்ணா, இன்னும் ரெண்டு வரி இருக்கு" என்றாள் கயல், திரும்பாமலே.