காணாமல் போனவை இருபத்தாறு

ஒரு பிரிண்டரின் பெயரில் ‘சார்’ சேர்க்கச் சொன்னவர் எங்கள் நிர்வாக அலுவலர். மூன்று பள்ளிக்கூடங்கள் நடத்தும் ஓர் அறக்கட்டளையில் அப்போது எனக்கு நெட்வொர்க் பார்க்கும் வேலை. தருமபுரியில் தலைமைப் பள்ளி, நல்லம்பள்ளியில் ஒன்று, கடத்தூரில் ஒன்று. மூன்று இடத்திலும் இருக்கும் கணினி, கேமரா, வைஃபை பெட்டி, பிரிண்டர் எல்லாவற்றையும் தருமபுரியில் உட்கார்ந்தபடியே தேடிக் கண்டுபிடித்து, குழுவாகப் பிரித்து, அங்கிருந்தே மேய்க்கிற மென்பொருள் ஒன்றைத் தாளாளர் வாங்கியிருந்தார். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் பெங்களூர்க்காரர் ஒருவர் அவர் காதில் ஓதியதன் விளைவு அது.

நான் முதலில் ஊர்வாரியாகக் குழு பிரித்தேன். நிர்வாக அலுவலர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“என்னங்க இது? யாரு பெரியவங்க, யாரு சின்னவங்கன்னு தெரிய வேணாமா? தாளாளர் பிரிண்டரும் வாட்ச்மேன் ரூம் கேமராவும் ஒரே வரிசையில நிக்குது!”

ஆக, ‘மேலிடம்’ என்று ஒரு குழு உண்டாயிற்று. அதில் ‘தாளாளர் சார் பிரிண்டர்’, ‘தாளாளர் சார் கேமரா’, அவர் மனைவியின் ‘மேடம் லேப்டாப்’. தாளாளர் பங்களா பள்ளிக்குப் பின்புறமே இருப்பதால் ஒரே இணைப்பில் அவர் வீட்டு டிவியும் தேடலில் வந்து விழுந்தது. அதை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். நிர்வாக அலுவலர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் போலப் பார்த்தார். ‘தாளாளர் சார் டிவி’யும் மேலிடத்தில் சேர்ந்தது. அறிவுக்கும் அந்த ஆளுக்கும் ஏழாம் பொருத்தம்.

அடுத்து, திரையில் எல்லாம் தமிழில் வர வேண்டும் என்றார் தாளாளர். தமிழ்ப் பற்று ஒன்றுமில்லை, அவருக்கு ஆங்கிலம் வராது, அவ்வளவுதான். குழுப் பெயர்களை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன். பழைய இருப்புப் பட்டியலை முன்கூட்டியே அதில் ஏற்றிவிடுவோம். தேடும்போது பதில் சொல்லும் பெட்டிகள் பச்சையாகும். பதில் சொல்லாதவை சிவப்பாகித் தனிக் குழுவில் போய் விழும். அந்தக் குழுவுக்கு ‘பதில் தராத கருவிகள்’ என்று எழுதிப் பார்த்தேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டன. ‘காணாமல் போனவை’ என்று போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. என் தமிழை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

தொடங்கி வைக்கத் தாளாளர் தேர்ந்தெடுத்த நாள் விஜயதசமி. அன்று தொடங்குவது விளங்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் ஆயுதபூசைக்கு எங்கள் பள்ளிகளில் என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கணினிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மறுபூசை போடும்வரை ஒருவரும் தொடக் கூடாது. தருமபுரியிலும் நல்லம்பள்ளியிலும் விஜயதசமி சேர்க்கை இருந்ததால் விடியற்காலையிலேயே மறுபூசை முடிந்துவிட்டது. கடத்தூர் தலைமை ஆசிரியை சொந்த ஊருக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை அவர் வந்துதான் அங்கே மறுபூசை.

கடத்தூர் கணினி அறை பாயின் பொறுப்பில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர். அந்தப் பள்ளி ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே கணினி சொல்லிக் கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் பாய்தான். முந்தைய வருடம் தேர்வுத்தாள் அச்சடிக்க வேண்டும் என்று மறுபூசைக்கு முன்னால் ஒரே ஒரு கணினியைப் போட்டுவிட்டார். “ஒங்களுக்கு எங்க பூசைன்னா அவ்ளோ எளக்காரமாப் போச்சா பாய்?” என்று தலைமை ஆசிரியை ஆசிரியர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். தேர்வுத்தாள் கேட்டு நச்சரித்ததே அந்த அம்மாள்தான். இந்த முறை பாய் மெயின் சுவிட்சையே இறக்கி, அறையைப் பூட்டி, சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

நல்ல நேரம் முடிவதற்குள் தாளாளர் மவுசைத் தொட்டார். கணினிக்கு மாலை போட்டிருந்தார்கள். ஒரு செவ்வந்தி திரையில் தொங்கி, தருமபுரி என்ற பெயரைப் பாதி மறைத்தது. உறவுக்காரர்கள் பத்துப் பேர் கைதட்டினார்கள். தருமபுரி பச்சையானது. நல்லம்பள்ளியும் பச்சை. தாளாளர் சார் டிவி முதல் ஆளாகப் பச்சையானது.

“சாஃப்ட்வேரு தமிழ்லயே பேசுது பாருங்கய்யா!” என்று தாளாளர் பூரித்தார். அது நான் எழுதியது என்று சொல்ல வாய் எடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தாரே, கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அப்போது கடத்தூர் மொத்தமும் சிவப்பானது. காணாமல் போனவை: இருபத்தாறு.

தாளாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை வாசித்தார்.

“இருவத்தாறு பொட்டி காணாமப் போச்சா? அங்க சாவி யாருகிட்ட?”

“பாய்கிட்டங்க,” என்றார் நிர்வாக அலுவலர். இதைச் சொல்ல மட்டும் அவருக்கு எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை.

நான் சொன்னேன். சொல்லவே இல்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. “சார், பூசைக்கு ஆஃப் பண்ணி வெச்சிருப்பாருங்க. கரண்டு இல்லாம இருக்கும்ங்க.”

“ஆஃப்ல இருந்தா ஆஃப்னு காட்டாதா? காணாமப் போச்சுன்னு சுத்தத் தமிழ்ல போட்டிருக்குதே. அத்தன வெல குடுத்து வாங்குன சாஃப்ட்வேரு பொய் சொல்லுமா, இல்ல நீங்க அதவிடப் பெரிய ஆளா?”

அந்தச் சுத்தத் தமிழ் என்னுடையது. அதை அந்த இடத்தில், அந்தப் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தால் எல்லாம் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நிர்வாக அலுவலரை முட்டாள் என்று சொல்லிச் சொல்லியே நான் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அன்றைக்கு அவரைவிடக் கேவலமாக நின்றேன்.

நிர்வாக அலுவலர் கடத்தூர்ப் பள்ளி வேன் ஓட்டுநருக்கு போன் போட்டார். “பாய் வூட்டுக்குப் போ. ஆளைக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு வா. அப்படியே வூட்டுக்குள்ள ஒரு பார்வ பாத்துட்டு வா, பொட்டி கிட்டி எதாவது இருக்குதான்னு.” ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்தக் கதையில் இளைத்தவர் பாய்.

நானும் அவரும் காரில் கடத்தூருக்குப் போனோம். வழி நெடுக நிர்வாக அலுவலர், தனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். என்ன சந்தேகம் என்று நான் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

பள்ளி வாசலில் மஞ்சள் வேன் நின்றது. பாய் வேட்டியோடு இறங்கினார். வேன் ஓட்டுநர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

“கட்டிலுக்கு அடியிலகூட குனிஞ்சு பாக்க சொன்னீங்களாம்,” என்றார் பாய் நிர்வாக அலுவலரிடம். “எங்க மவளுக்குப் பாத்த மாப்பிளை வூட்டுக்காரங்க வந்திருந்தாங்க. அவுங்கெல்லாம் எந்திரிச்சு நின்னு வழி விட்டாங்க.”

“அதெல்லாம் அப்பறம் பேசலாம். மொதல்ல ரூமைத் தொறங்க.”

திறந்தார். இருபத்தாறும் இருந்தன. கணினிகள் நெற்றியில் சந்தனத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வைஃபை பெட்டிகளை மேலே இருந்து கழற்றித் துடைத்து, வாழையிலையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பொரியில் எறும்பு மொய்த்தது. நிர்வாக அலுவலர் விரல் நீட்டி எண்ணினார். எண்ணி முடித்து, இன்னொரு முறையும் எண்ணினார்.

“சரி, சரி. இருக்குது. ஆன் பண்ணுங்க பாய், அங்க தாளாளர் பாத்துக்கிட்டிருக்காரு.”

“இன்னும் மறுபூசை போடலீங்களே,” என்றார் பாய்.

நிர்வாக அலுவலருக்கு முகம் சிவந்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எல்லாம் கிடைத்துவிட்டது, நேரில் வந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று தாளாளரிடம் அவர் பெருமையாகச் சொல்வது உள்ளேவரைக்கும் கேட்டது.

பாய் சாவிக்கொத்தை என் கையில் வைத்தார். “திங்கக்கெழமையிலேர்ந்து வேற ஆளு பாத்துக்கச் சொல்லுங்க சார். அந்தம்மா வந்தா மறுபூசைக்கு எலுமிச்சம்பழம் அலமாரியில இருக்குதுன்னு சொல்லிருங்க.”

எனக்குத் தாங்கவில்லை. அவர் பின்னாலேயே வாசல்வரை ஓடினேன்.

“பாய், அது ஆஃப்ல இருக்குதுன்னுதான் அர்த்தம். காணாமப் போனவைன்னு தமிழ்ல எழுதினது நாந்தாங்க. சாஃப்ட்வேர் எழுதலிங்க.”

அவர் நின்றார்.

“இத அங்க சொன்னீங்களா?”

“இல்லிங்க.”

“வேன் எங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னால?”

“இல்லிங்க பாய்.”

“அப்பறம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. வேனில் கொண்டுபோய் விடுவதாக ஓட்டுநர் கூப்பிட்டார். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு பாய் நடந்தே போனார். நான் உள்ளே போய், மறுபூசைக்குக் காத்திராமல் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டேன்.